கையை விட்டாலும் கவிழாத படகு

படகு வாங்கப் போகிறோம் என்று தெரிந்ததும் எங்கள் கடைத்தெருவே சிரித்தது. திருத்தணியில் எதற்குப் படகு, வருஷத்தில் பாதி நாள் ஏரிக்குள் மாடு மேய்கிறதே என்றார்கள். என் லுங்கிக் கடைக்கு எதிர்க்கடைக்காரர் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். "இன்னாம்மா, கப்பல் வந்துச்சா?" வந்தால் உன்னைத்தான் முதலில் ஏற்றி அனுப்புவேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

சிரித்தவர்கள் யாரும் என் வீட்டுக்குள் வந்து பார்த்தவர்கள் இல்லை. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. கால் தேறிக்கொண்டது, கை தேறவில்லை. விரல் மடங்கி மடியில் கிடக்கும். பயிற்சி கொடுக்க வந்த பெண் பந்தை அமுக்கச் சொன்னால் வலது கையால் எடுத்துச் சுவரில் அடிப்பார். மாத்திரையை வாயில் போட்டுக்கொள்வார், நான் லுங்கிக் கடைக்குக் கிளம்பியதும் துப்பிவிடுவார். ஒரு நாள் கட்டிலுக்கு அடியில் கூட்டும்போது கரைந்தும் கரையாமலும் மாத்திரைகளாக வந்தது. செத்துப்போகலாம் என்று முடிவு செய்துவிட்டு மெதுவாக அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. துடைப்பத்தை வீசிவிட்டுக் கத்தினேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். அவள்தான் அவரை இழுத்துக்கொண்டு போய் கடலோரத்து உப்பங்கழியில் கேனோவில் உட்காரவைத்தாள். கேனோ என்றால் நீளமாக, திறந்த வாயோடு இருக்கும் துடுப்புப் படகு. துடுப்பின் ஒரு முனையில் மட்டும்தான் தட்டை. ஒரு கை தண்டைப் பிடித்து இழுக்கும், இன்னொரு கை மேல்பிடியில் இருக்கும். அவருடைய இடது கையை மேல்பிடியில் வைத்து ஒரு துணிப்பட்டையால் சுற்றிவிட்டாளாம். திரும்பி வந்தவர் அன்றைக்கு இரண்டாம் முறை சோறு கேட்டார். மாத்திரையை என் எதிரில் விழுங்கி வாயைத் திறந்து காட்டினார்.

"நைனாவுக்கு ஒரு போட் வாங்கிடலாம்மா" என்றாள் மகள். டாக்டரும் தலையாட்டினார். தனியாக விடக்கூடாது, லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏற்றக்கூடாது, அவ்வளவுதான் என்றார். கூடப் போக யார் இருக்கிறார்கள்? நான்தான். எனக்கு நீச்சல் தெரியாது. அவருக்குத் தெரியும், ஆனால் ஒரு கை கிடையாது. இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு ஒரு படகு தேர்ந்தெடுக்க வேண்டும். தப்பாக எடுத்தால் ஏரியில் போய்விடுவார். எடுக்காமல் விட்டால் கட்டிலிலேயே போய்விடுவார்.

காற்றடிக்கும் படகைத்தான் முதலில் எல்லாரும் சொன்னார்கள். மடித்து ஆட்டோவில் வைத்துக்கொள்ளலாமாம். எங்கள் ஏரிக்கரையை அவர்கள் பார்த்ததில்லை. கரை முழுக்க சீமைக்கருவேலம். செருப்பையே குத்திக்கொண்டு வரும் முள். அது வேண்டாம் என்றேன். மிச்சம் இருந்தது ஃபைபரும் கெட்டி பிளாஸ்டிக்கும். ஃபைபர் லேசு, ஆனால் பாறை தட்டினால் விரிசல் விடும். பிளாஸ்டிக் அடி தாங்கும், ஆனால் தூக்கும் ஆளின் இடுப்பு போய்விடும். தூக்கப்போவதும் நான்தான்.

கடலோரத்தில் மூடிப்போன ஒரு விடுதியின் படகுகளை ஒருவன் விற்றுக்கொண்டிருந்தான். கடைசியாக இரண்டு இருந்தன. ஒன்று ஃபைபர், நீளம், ஒல்லி, அடிப்பாகம் உருண்டை. இன்னொன்று பிளாஸ்டிக், குட்டை, அகலம், அடி தட்டை. இரண்டிலும் இரண்டு பேர் உட்காரலாம். தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் வாங்கமாட்டேன் என்று போனிலேயே சொல்லிவிட்டேன். தரையில் வைத்து உட்கார்ந்து பார்த்தால் மரப்பெட்டிகூடத்தான் ஆடாது. அவன் முனகிக்கொண்டே ஒரு குட்டியானை வண்டியில் இரண்டையும் ஏற்றிக்கொண்டு வந்தான்.

கே.ஜி.கண்டிகையைத் தாண்டி ஒரு ஏரி. மழை முடிந்த சமயம், நிரம்பி நின்றது. மீன் குத்தகை எடுத்தவர் கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தார். படகு விட்டுப் பார்க்க அவரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன்.

விற்க வந்தவன் என்னைப் பார்க்கவே இல்லை. "சார், இந்த ஒல்லி மாடல் பாருங்க சார். செம ஸ்பீடு. நேர் கோடு போட்ட மாதிரி போகும். அந்த அகலம்லாம் பசங்க வெச்சி விளையாடறதுக்கு சார்."

"கூட உக்கார்றது நானு. என்கிட்ட பேசு" என்றேன்.

"சாரி மேடம். சார், நீங்க ஹெவி டிரைவராமே. உங்களுக்கு பேலன்ஸ்லாம் சொல்லித்தரணுமா?"

இந்த மாதிரிப் பேச்சுக்கு என் வீட்டுக்காரர் உருகிவிடுவார். உருகினார். "ஆங், கரெக்டா சொன்ன தம்பி" என்றார், பக்கவாதத்தில் இழுபட்ட வாயோடு.

அகலப் படகை முதலில் தள்ளினோம். முழங்கால் தண்ணீரில் ஒரு சுற்று. "இன்னாடி இது, லோடு ஏத்துன மாட்டு வண்டி மாதிரி வருது. நான் டிப்போல கெடக்குற ஓட்ட ஸ்பேர் பஸ் ஓட்டுனவன் இல்ல" என்று உடனே இறங்கிவிட்டார். ஒல்லிப் படகைக் காட்டினார்.

அங்கேயே நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எத்தனையோ மாதமாக எதையும் வேண்டும் என்று கேட்காத மனுஷன் கை நீட்டிக் கேட்டார். சரி என்று நானும் ஒரு ஜாக்கெட் போட்டுக்கொண்டு அவருக்கும் மாட்டினேன். விற்கிறவன் கொண்டுவந்த ஜாக்கெட் அவர் வயிற்றுக்குப் பத்தவில்லை. கீழ்க் கொக்கி சேரவே இல்லை. "மேல ரெண்டு போட்டா போதும் மேடம்." கீழேயும் போட வேண்டும் என்று முட்டியை அவர் முதுகில் வைத்து இழுத்தேன். சேர்ந்த மாதிரி இருந்தது.

இடது கையைத் துடுப்பின் மேல்பிடியில் பட்டையால் கட்டிக்கொண்டு அவர் முன்னால், நான் பின்னால். திருப்புகிற வேலை பின்னால் இருப்பவருக்கு. ஏறும்போதே படகு சரிந்து, இடுப்புக்குக் கீழே உருண்டது. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். நகர ஆரம்பித்ததும் ஆட்டம் குறைந்தது. அது வேகம்தான், பொய் சொல்லக்கூடாது. ஒரு இழுப்புக்கு அம்பு மாதிரி போனது. கரையிலிருந்து அந்த ஆள் கைதட்டினான். இவர் முதுகு நிமிர்ந்தது. பஸ்ஸில் அவர் பின்னால் உட்கார்ந்து பார்த்த முதுகு அது. எனக்கு அதைப் பார்க்க நேரமில்லை. அவர் ஜாக்கெட்டின் கீழ்க் கொக்கி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"பாவா, நிறுத்து. கொக்கி அவுந்துகிச்சி" என்றேன். சொந்தத்தில் கட்டியவர்கள் நாங்கள், சின்ன வயதிலிருந்து கூப்பிட்ட வாய் இன்னும் மாறவில்லை.

"இரு, அந்தாண்ட போய் திரும்பிக்கலாம்."

அந்தாண்ட என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏரிக்கரைப் பனைமரங்கள் முருகன் மலையை மறைத்துக்கொண்டிருந்தன. பனைமரங்கள் முடிந்தால் மலை தெரியும்.

எங்கள் ஊர் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பக்கமிருந்து வந்தாலும், மலை கண்ணில் பட்ட இடத்தில் கை தானாக மேலே போய்விடும். பைக்கில் வருகிறவன் ஹேண்டில்பாரை விடுவான். தலையில் மூட்டை இருந்தால் மூட்டையை விடுவான். இவர் பஸ்ஸின் ஸ்டியரிங்கையே விடுவார். வளைவில், அறுபது பேரை வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "முருகா!" கல்யாணம் ஆன நாளிலிருந்து இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். "நான் விட்டா அவன் புடிச்சிக்குவான்" என்பார். கை விழுந்த பிறகும் விடவில்லை. மொட்டை மாடியில் நின்று, வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கும்பிடுவார்.

கடைசிப் பனை விலகியது. மலை வலது பக்கம், தோளுக்குச் சற்றுப் பின்னால் தெரிந்தது. அவர் கழுத்து திரும்பியது. பல்லால் பட்டையை அவிழ்ப்பது தெரிந்தது.

"பாவா, வேணாம். கைய விடாத. வேணா..."

துடுப்பு தண்ணீரில் விழுந்தது. வலது கை இடது கையைத் தூக்கியது. உடம்பு வலது பக்கம் முறுக்கியது. அந்தப் படகு ஒரு கணம்கூடப் பொறுக்கவில்லை.

மேலே வானம், அப்புறம் காதுக்குள் தண்ணீர். என் கால் சேற்றில் பட்டது. நின்றேன். தண்ணீர் நெஞ்சுவரை இருந்தது. அவரைக் காணோம். கவிழ்ந்த படகுக்கு அந்தப் பக்கம் ஜாக்கெட் மட்டும் மிதந்தது போல இருந்தது. கீழ்க் கொக்கி இல்லாத ஜாக்கெட் அவர் முகத்துக்கு மேலே ஏறிப்போய், தலை உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. வலது கை தண்ணீரை அடித்தது. இடது கை சும்மா மிதந்தது. சேறு காலை விடவில்லை. படகைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே போய் அவர் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்தேன். ஜாக்கெட்டைப் பிய்த்து எறிந்தேன். முகம் வெளியே வந்தது. கண் திறந்திருந்தது, மூச்சு இல்லை. முதுகில் ஓங்கி அறைந்தேன். இருமினார். இன்னும் அறைந்தேன். அதில் இரண்டு தேவையில்லாதவை.

"துடுப்பு எங்கடி?" என்றார்.

குத்தகைக்காரர் நீந்தி வந்து எங்கள் இருவரையும் கரைக்கு இழுத்துக்கொண்டு போனார். அவரை உட்காரவைத்துவிட்டு, "இன்னாண்ணா, மீனு புட்சினு போவன்னு பாத்தா நீயே வலைக்கு வர்ற" என்றார். என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குப் பல் கிட்டித்தது.

விற்க வந்தவன் ஓடி வந்தான். "படகு மேல தப்பே இல்ல மேடம். சார் கைய விட்டுட்டாரு. யார் விட்டாலும் கவுறத்தான் செய்யும். கைய விடாதீங்கன்னு சாருக்கு நீங்க சொல்லணும்."

"சொல்லாமலா இருந்தேன்? கல்யாணம் பண்ண நாள்லர்ந்து சொல்லிகினுதான் கீறேன். இந்த ஆளு விடுவாரு. நாளைக்கும் விடுவாரு. கைய விடாத ஆளுக்கு விக்கிற படக நீ எடுத்துனு போ. கைய விட்டாலும் கவுறாத படகு எது, அத சொல்லு."

அவன் அகலப் படகைப் பார்த்தான். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினான். "அதுல உக்கார்ற பலகை தாழ கீது மேடம். அடி தட்டை. ஆடும், ஆனா தாங்கும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?"

"யாரும் அப்படி செஞ்சி பாத்ததில்லயே மேடம்."

அகலப் படகை முழங்கால் தண்ணீரில் தள்ளினேன். அவரை ஏறச் சொன்னேன். "இப்ப கைய விட்டு கும்புடு. பாக்கலாம்."

அவர் முகம் மாறிவிட்டது. "மலையே தெரில இங்க. எத கும்புட சொல்ற? சாமிய வச்சி டெஸ்டு பண்றியா?"

"சும்மா கைய தூக்குய்யா."

"சும்மாலாம் தூக்க மாட்டேன். எனக்குப் படகும் வேணாம், ஒண்ணும் வேணாம். வூட்டுக்குப் போலாம்." கட்டிலில் படுத்துக்கொண்டு பேசுகிற குரல் அது. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. தண்ணீருக்குள் அவரைக் காணாமல் தேடியபோதுகூட அப்படிப் பயப்படவில்லை.

வழி ஒன்றுதான் இருந்தது. மலை தெரிகிற இடத்துக்குத் திரும்பப் போக வேண்டும். இப்போதுதான் தண்ணீர் குடித்து வந்திருக்கிறேன். குத்தகைக்காரரிடம், கொஞ்ச தூரம் பின்னாலேயே நீந்தி வாய்யா என்றேன். விற்கிறவன் போட்டிருந்த ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லி இவருக்கு மாட்டினேன். அது பெரிய அளவு, மூன்று கொக்கியும் சேர்ந்தது. இதை முதலிலேயே கொடுத்திருக்க வேண்டியவன். அவனைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

ஏறினோம். இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு துடுப்பை இழுத்தார். அகலப் படகு மெதுவாக, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனது. பனைமரங்கள் ஒவ்வொன்றாக விலகின. கடைசிப் பனை வந்ததும், படகு சாய்ந்தால் தாங்கட்டும் என்று, என் துடுப்பை அகலவாட்டில் தண்ணீர்மேல் படுக்கவைத்து அழுத்திப் பிடித்தேன்.

மலை வந்தது. பல்லால் பட்டையை அவிழ்த்தார். அவர் துடுப்பைப் படகோடு கயிற்றில் கட்டியிருந்தேன், அதனால் பக்கத்திலேயே தொங்கியது. வலது கை இடது கையைத் தூக்கியது. உடம்பு முறுக்கியது. படகு வலது பக்கம் சாய்ந்தது. விளிம்பு தண்ணீரைத் தொடப் போனது, ஒரு கை நீர் உள்ளே வந்து என் காலை நனைத்தது. கத்த வாயைத் திறந்தேன். படகு அதற்கு மேல் சாயவில்லை. அப்படியே நின்றது.

"முருகா" என்றார். அவசரமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு என்னென்னவோ முணுமுணுத்தார். பின்னால் நீந்தி வந்த குத்தகைக்காரரும் தண்ணீருக்குள்ளேயே ஒரு கையைத் தூக்கினார். நான் தூக்கவில்லை. துடுப்பை அழுத்திக்கொண்டிருந்தேன்.

"போதும், முடி" என்றேன்.

"இரு. உனக்கும் சேத்து கும்புட்றேன்."

அகலப் படகைத்தான் வாங்கினோம். அதைத் தூக்கி எனக்கு இடுப்பு வலி வந்து, இரண்டு சைக்கிள் சக்கரம் வைத்து ஒரு வண்டி செய்தேன். ஏரியில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் வாரம் இரண்டு நாள் போகிறோம். ஆமை, மாட்டு வண்டி, பொட்டி வண்டி என்று இன்னும் அதைத் திட்டுகிறார். மாத்திரையை விழுங்குகிறார், நான் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். பனைமரம் முடிகிற இடம் வரும்போது எனக்கு இன்றைக்கும் பயம்தான். அவர் கேட்காமலே துடுப்பைப் படுக்கவைத்து அழுத்துகிறேன், அவர் கையை விடுகிறார்.