திரும்பி வந்த கல்

கல் லாரி ஓட்டுகிறவனுக்கு ஏற்றும் இடம் தெரியும், இறக்கும் இடம் தெரியும். இறக்கிவிட்டு வந்த பிறகு அந்தக் கல் அங்கே என்ன செய்கிறது என்பது மட்டும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலில் உள்ள ஒரே சுகம். எனக்கு அந்தச் சுகமும் வாய்க்கவில்லை. இடுப்பு வலியோடு டிப்பர் ஓட்டும் சகாக்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களும் ஓரமாக நின்று கேட்கலாம்.

நான் மம்சாபுரத்துக்காரன். ராஜபாளையம் பக்கத்துக் குவாரியில் பாறாங்கல் ஏற்றி, வைப்பாறு கடலில் கலக்கும் இடத்துக்கு வடக்கே உள்ள ஒரு மீனவக் கிராமத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே கடல் அரிப்பைத் தடுக்கச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எதிர்க்கரை

கடலுக்குப் போகுமுன் எங்கள் ஊர் ஓடையைச் சொல்லியாக வேண்டும். மலையிலிருந்து வரும் ஓடை அது, இரண்டு பக்கமும் தென்னந்தோப்புகள். ஐப்பசி மழையில் பெருகினால் கரையை அறுத்து, மரத்தையும் சாய்த்துக்கொண்டு போகும். கரைக்குக் கல் அடுக்க வேண்டுமானால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதலில் எதிர்க்கரைத் தோப்புக்காரர் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அவர் வந்து நின்ற பிறகுதான் முதல் கல் இறங்கும். அவர் வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும், அல்லது இரண்டு கரைக்கும் சேர்த்து அடுக்க வேண்டும்.

என் சித்தப்பா அவசரக்காரர். ஒரு மழைக்கு முன்னால் யாரிடமும் சொல்லாமல் எங்கள் கரைக்கு மட்டும் கல் அடுக்கிவிட்டார். எதிர்க்கரைக்காரர் சண்டைக்கு வருவார் என்று நாங்கள் எல்லாரும் தயாராக இருந்தோம். அவர் நிதானமாக வந்து அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து, சித்தப்பா கொடுத்த காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "உங்க கரையில கல்லப் போட்டுட்டீக. மோதுத தண்ணி சும்மாவா திரும்பும்? எங்க கரையிலதான வந்து நிக்கும்."

நடக்கிற மணல்

கடற்கரையில் சைட் இன்ஜினியராக இருந்தவர் ஒரு பெண். எங்களையெல்லாம் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். கரையோரம் நீளமாக ஒரு சுவர், அதிலிருந்து கடலுக்குள் கை நீட்டியது மாதிரி கல்லால் ஒரு தூண்டில் வளைவு. இதுதான் வேலை. எங்கள் ஓடை வழக்கத்தை அவரிடம் சொல்லி, கடலுக்கு எதிர்க்கரைக்காரன் இலங்கையில் இருப்பானே, அவனிடம் யார் கேட்பது என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கடலுக்கு எதிர்க்கரை எதிரே இல்லை, பக்கத்தில் இருக்கிறது என்றார்.

காலால் மணலில் கோடு போட்டுக் காட்டினார். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அலை சாய்வாக வருமாம். வரும்போதெல்லாம் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டு போகும். தூண்டில் வளைவு குறுக்கே நின்றால் தெற்குப் பக்கம் மணல் சேரும். வடக்கே உள்ள ஊருக்கு வர வேண்டிய மணல் வராது, ஆனால் அலை அங்கிருந்து எடுப்பதை மட்டும் நிறுத்தாது. முன்பெல்லாம் ஆறு புது மணல் கொண்டுவந்து ஈடு கட்டியது. இப்போது அந்த மணல் அணையில் தங்கிவிடுகிறது, மிச்சத்தையும் அள்ளிவிடுகிறார்கள்.

எங்கள் பிளவக்கல் அணையைத் தாண்டும் தண்ணீரும் கடைசியில் வைப்பாற்றில் சேர்ந்து இங்கேதான் வருகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மணலை மேலே நிறுத்தி வைத்துவிட்டு, அதற்குப் பதிலாக நான் டீசல் எரித்துக் கல் கொண்டுவருகிறேன். மனசுக்கு என்னவோ போலிருந்தது. அப்படியானால் வடக்கே இருக்கிற ஊர் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் கோட்டைக் காலாலேயே அழித்தார். "அந்த ஊருக்கும் சேத்துத்தான் எழுதிக் கேட்டோம்ணே. இந்த ஊருக்கு மட்டும்தான் பணம் வந்துச்சு."

கழித்த கல்

அந்த வடக்கு ஊர் வழியாகத்தான் நாங்கள் தினமும் போவோம். அங்கே கடலைப் பார்த்த வீட்டிலேயே டீக்கடை வைத்திருந்தார் ஸ்டெல்லா அக்கா. புருஷன் இறந்த பிறகு அந்த வீடும் கடையும்தான் அவருக்கு எல்லாம். ஒரு காலத்தில் வாசலுக்கு முன்னால் படகுகள் வரிசையாக ஏறி நிற்கும் அளவுக்கு மணல் இருந்ததாம். நாங்கள் போகும்போதே அலை வாசற்படிக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஏற்றிய கல்லோடு ஊர் திரும்பக் கூடாது, திரும்பினால் வண்டி விளங்காது. ஆனால் சிறிய கல் என்று சைட்டில் கழித்துவிட்டால் அதை எங்கே கொட்டுவது? என்னோடு ஓட்டிய மகாராஜபுரம் குருசாமி அண்ணன் வழி கண்டுபிடித்தார். கழித்த கல்லை ஸ்டெல்லா அக்கா வாசலில் இறக்கினார். அக்கா கும்பிட்டார். அதற்குப் பிறகு எல்லா வண்டியும் அப்படியே செய்தது. குருசாமி அண்ணனுக்கு ஒரே பெருமை: "கவர்மெண்டு கல்லு வர்ற வரைக்கும் கழிச்ச கல்லு காவலுக்கு நிக்கட்டும்க்கா."

ஆறிப்போன குழம்பு

ஆடிக் காற்றில் கடல் ஏறியது. ஸ்டெல்லா அக்கா வாசல் நின்றது. ஆனால் கல்லில் மோதிய அலை முன்னால் இருந்த மணலையெல்லாம் இழுத்துக்கொண்டு போனதோடு, கல் முடிகிற இடத்தில் வடக்கே திரும்பி நிலத்துக்குள் குடைந்தது. அங்கே இருந்தது அவருடைய நாத்தனார் ரோசம்மாவின் வீடு. முருங்கை மரம் போய், அடுப்படிச் சுவருக்கு அடியில் மண் போய், அஸ்திவாரக் கல் வெளியே தெரிந்தது.

ரோசம்மா எங்களைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மத்தியானம் டிரைவர்களுக்கு மீன் குழம்பு வைத்துத் தருவது அவர்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே மணலில் நாலு எட்டு வைத்தால் கடைக்கு வந்துவிடலாம். அன்றும் குழம்புச் சட்டியோடு வந்தார், தெரு வழியாக. தட்டையே பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் அவர் மெதுவாகச் சொன்னார்: "கொழம்பு ஆறிப் போச்சு அண்ணாச்சி. மணல் வழியா வந்தா சூடா இருக்கும். இப்பம் ரோட்டச் சுத்தில்லா வாரேன்."

விளங்காத லோடு

மறுநாள் ஸ்டெல்லா அக்கா டீ போடவில்லை. கல்லை எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்தால் உங்கள் வீடு நிற்காதே என்றேன். ரோசம்மா வாசலுக்கும் கல் போட்டுவிடலாம் என்றார் குருசாமி அண்ணன். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "அவ வாசலுக்குப் போட்டா அடுத்த வாசல் போவும். அதுக்கும் போட்டா மாதா சிலை நிக்குற கெபி போவும். எங்க போய் நிப்பாட்டுவீய? எடுத்துட்டுப் போங்க."

சைட்டில் சொல்லிப் பொக்லைன் வரவழைத்து ஏற்றினோம். கழித்த கல்லைச் சைட்டில் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டார்கள். வேறு ஊர்க் கரையில் கொட்ட மனம் வரவில்லை. முதல் தடவையாகக் கல்லோடு ஊர் திரும்பினோம். மம்சாபுரத்தில் எதிர்க்கரைக்காரர் வீட்டுக்குப் போய், சித்தப்பா அடுக்கியதற்கு ஈடாக உங்கள் கரைக்கும் அடுக்கட்டுமா என்று கேட்டோம். அவர் வந்து நின்றார். முதல் கல் இறங்கியது.

அடுத்த ஆடியில் ஸ்டெல்லா அக்காவின் முன்னறை போனது, அதே வாரத்தில் ரோசம்மாவின் அடுப்படியும் போனது. இப்போது ரோட்டுக்கு மேல்புறம் தகரக் கொட்டகை போட்டு, இருவரும் ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள். பார்க்கப் போயிருந்தேன். கல்லை எடுத்ததற்கு என் மேல் வருத்தமா என்று கேட்டுவிட்டேன். ஸ்டெல்லா அக்கா டீயை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கடல் எடுத்தா அழுதுட்டு எந்திரிச்சிரலாம் அண்ணாச்சி. அவ வீட்ட நான் எடுத்தேன்னு ஆயிருந்தா எந்திரிச்சிருக்க மாட்டேன்."

எத்தனையோ லோடு கல்லைக் கடற்கரையில் கொட்டியிருக்கிறேன். இன்னொரு கரையைக் கெடுக்காமல் ஒரு கரையைக் காத்தது, விளங்காது என்று நாங்கள் பயந்துகொண்டே ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்த கல் மட்டும்தான்.