உனைசி போட்ட பூஜ்யம்

தலைநகர் சூவாவில் மழை விடவில்லை. தீவிலிருந்து படகில் வந்த அம்மா லைத்தே, பல்கலைக்கழகக் கூடத்தின் முன்வரிசையில் நனைந்த பாவாடை ஓரத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் மகள் உனைசி, சற்று நேரத்தில் மேடையில் படிக்க வேண்டிய ஆய்வை மடியில் வைத்திருந்தாள்.

கடலுயிரியல் படிக்கத்தான் வந்தாள். கூடவே பயன்பாட்டுப் புள்ளியியலையும் எடுத்தபோது, "ஒரு வலையையே இழுக்க முடியல, ரெண்டாவது எதுக்குடி?" என்று தோழிகள் சிரித்தார்கள். இரண்டு பாடத்துக்கும் சேர்த்து ஒரே ஆய்வு: ஊர்ப் பவளப்பாறையில் கிடைக்கும் மீன். கணினி வரைந்த மீன் எடைக் கோடு கடைசி மூன்று மாதத்தில் தரையைத் தொட்டது. அதைக் கேட்கத்தான் மீன்வளத்துறை அதிகாரி வந்திருந்தார். கோடு சரியென்றால் பாறையில் மீன்பிடிப்பதையே ஐந்து வருடம் நிறுத்திவிடுவார்கள். அப்புறம் அம்மா எதை விற்பாள்?

"ஏன்டி பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"மூணு மாசமா மீனே இல்லையேம்மா."

"யாரு சொன்னா? தின்னது போக வித்தேனே!"

உனைசி ஆய்வில் அந்த மூன்று மாதப் பக்கத்தைத் திறந்தாள்.

ஊரில் மீனை எடைபோட்டு எழுதுகிறவன் சித்தி மகன் செமேசா. தாளைப் படமெடுத்து அனுப்புவான். கூட ஒரு சொல் இராது. அண்ணன் முறை. பெரியவர்களான பின் அண்ணனும் தங்கையும் நேராகப் பேசுவது அவர்கள் ஊரில் இல்லை. மூன்று மாதத் தாள்கள் வெறுமையாக வந்தபோது ஏன் என்று அவனைக் கேட்க வழியில்லை. அம்மா மூலம் கேட்கவும் தோன்றவில்லை. வெற்றிடத்தில் அவளே பூஜ்யம் போட்டுக்கொண்டாள்.

செமேசாவும் வந்திருந்தான். கடைசி வரிசையில், தலைகவிழ்ந்து.

"உனைசி, ஆரம்பிம்மா," என்றார் ஆசிரியர் நிலேஷ்.

மேடையேறினாள். கோட்டைக் காட்டிவிட்டு இறங்கிவிடலாம். யாருக்கும் தெரியாது. பட்டமும் கிடைத்துவிடும்.

"அம்மா," என்று மேடையிலிருந்தே கூப்பிட்டாள். "அந்த மூணு மாசம் ஏன் எழுதலன்னு அண்ணனைக் கேளு."

லைத்தே திரும்பினாள். "டேய் செமேசா, தங்கச்சி கேக்குறா."

"தராசு ஒடஞ்சு போச்சு பெரியம்மா," என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "மீன் கெடச்சுது. எடை தெரியாம என்னத்த எழுதுறது?"

"அப்போ மீன் குறையலயா?" என்றார் அதிகாரி.

"தெரியல சார்," என்றாள் உனைசி. "நான் போட்ட பூஜ்யம் தப்பு. ஆனா அதுக்கு முன்னாடியும் கோடு கொஞ்சம் எறங்கிட்டுதான் இருக்கு. இன்னும் ஒரு வருசம் எடை போட்டுப் பாக்கணும்."

நிலேஷ் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ உன் பட்டமும் ஒரு வருசம் தள்ளிப் போகும்."

உனைசி தலையாட்டினாள்.

"அதுவரைக்கும் மீன் பிடிக்கட்டும்," என்று எழுந்தார் அதிகாரி.

வெளியே மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். நடுவில் அம்மா, இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன்.

"புதுத் தராசு அனுப்புறேன்னு சொல்லும்மா."

"அவனுக்குக் காது கேக்கும்டி."

"இருந்தாலும் சொல்லு."

அம்மா சொன்னாள். அவன் "உம்" என்றான். பூஜ்யங்களை எடுத்த பின்னும் அந்தக் கோடு உனைசியின் கண்ணுக்குள் மெல்ல இறங்கிக்கொண்டேயிருந்தது.