அரக்கு வைத்த குடைகள்

எங்கள் தெருக் குடைக்கடைக்காரர் நல்ல மனுஷர். ஊரே மழையைத் திட்டும்போது அவர் முகம் மட்டும் மலரும். அவர் விற்ற குடைகளின் கைப்பிடியில் ஒரு கொக்கு நிற்கும். அது ஒரு பெரிய கம்பெனிக்குச் சொந்தமான கொக்கு. பாதி விலைக்கு வந்த கொக்கு அசலாக இருக்காதென்று அவருக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியும். "கொக்கு என்ன, அவங்க வீட்டுத் தொட்டியிலயா பொறந்துச்சு?" என்பதுதான் அவருடைய சட்ட ஞானம்.

ஒரு மத்தியானம் ஓர் அம்மாள் வந்து குடை கேட்டார். பக்கத்தில் டை கட்டிய ஒருவர். கடைக்காரர் கொக்குக் குடையை டப்பென்று விரித்து, "பத்து வருஷம் உழைக்கும் மேடம்!" என்றார். அம்மாள் கைப்பைக்குள் கைவிட்டு, காசுக்குப் பதிலாகக் கோர்ட் உத்தரவை எடுத்தார். அவர் நீதிமன்றம் அனுப்பிய கமிஷனர். டை கட்டியவர் கொக்குக் கம்பெனியின் மேலாளர். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் மழைக்கு ஒதுங்கியவர்கள் மாதிரி நின்றார்கள். மழைதான் இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதா மேடம்? டீயாவது சொல்லி வச்சிருப்பேன்."

"சொல்லிட்டு வந்திருந்தா டீ இருந்திருக்கும். சரக்கு இருந்திருக்காது."

பரணிலிருந்து கல்லாவுக்கு அடிவரை தேடினார்கள். குடைகளை எண்ணி, பெட்டிகளில் அடுக்கி, துணி சுற்றி, சணல் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை குத்தினார்கள். பறித்தாயிற்று, கொண்டுபோவார்கள் என்று பார்த்தால், கமிஷனர் கடைக்காரரிடமே கையெழுத்து வாங்கினார்.

"இதெல்லாம் இனிமே உங்க பொறுப்பு. கேக்கறப்ப முத்திரை கலையாம காட்டணும். ஒண்ணு குறைஞ்சாலும் கோர்ட் அவமதிப்பு. ஜெயில்."

"என் சரக்கைப் பறிச்சு எங்கிட்டயே குடுக்கறீங்களா?"

ஆமாம், அதுதான் முறை. ஜெயில் பயம் உள்ளவனைவிடக் கண்ணும் கருத்துமான காவல்காரன் எங்கே கிடைப்பான்?

கடையில் இடமில்லை. பெட்டிகள் அவர் வீட்டுக் கூடத்துக்குக் குடிவந்தன. மச்சினி ஒருநாள் களைப்பில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட, "எந்திரி, எந்திரி! அது கோர்ட்டு!" என்று அலறினார். பிறகு மழைக்காலம் வந்தது. கடையில் அவர் இப்போது வாளி விற்றார். சொட்டச் சொட்ட வீடு திரும்பியவரைப் பார்த்து மனைவி, "வீடு நிறையக் குடை. தெருவுலயே நனையற ஒரே குடும்பம் நாமதான்" என்றார்.

கூரைக்கு இது போதவில்லை. சரியாகப் பெட்டிகளுக்கு மேலே ஒழுக ஆரம்பித்தது. போர்த்திய பிளாஸ்டிக் தாளில் குளம் கட்டி, அந்தக் குளம் ஒரு பெட்டிமேலேயே கவிழ்ந்தது. துணி நழுவி, அட்டை ஊறிப் பக்கவாட்டில் பிய்ந்துவிட்டது. கடைக்காரர் மனைவி என்ன செய்தார் தெரியுமா? கம்பெனி ஷோரூமுக்கே போய், முழு விலைக்கு ஓர் அசல் கொக்குக் குடை வாங்கிவந்து, விரித்து, ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டார். அசல் நனைந்தது. போலி நனையவில்லை.

வழக்கு சமரசத்துக்கு வந்தது. இனி கொக்கைத் தொடமாட்டேன் என்று இவர் எழுதிக் கொடுத்தார். சரக்கைச் சரிபார்த்து அழிக்க லாரியோடு வந்தார்கள் கமிஷனரும் மேலாளரும். கூடத்தில் ஒரு பிய்ந்த பெட்டி. அதற்கு மேலே விரிந்த ஒரு கொக்குக் குடை. கமிஷனர் முகம் மாறியது.

"எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தீங்க?"

"ஐயோ, இது ஷோரூம்ல வாங்கினது மேடம்!" என்றார் மனைவி. பில் கேட்டால் அது ஈரத்தில் கூழாகிப் போயிருந்தது.

"நீங்க சொல்லுங்க சார். அசலா, போலியா?"

மேலாளர் குடையை மடக்கினார், விரித்தார், துணியை மோந்துகூடப் பார்த்தார்.

"என்ன சார்?"

"யாராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாதுன்னு மனுவுல எழுதியிருக்கோமே மேடம்... உண்மைதான் போலிருக்கு."

சரி, எண்ணுவோம் என்றார்கள். மற்ற பெட்டிகளில் முத்திரை சிரித்துக்கொண்டிருந்தது. பிய்ந்த பெட்டியில் ஒன்று குறைந்தது.

கடைக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "மேடம், பிள்ளைங்க மேல சத்தியமா தொடலை. நான் கடைசியா தொட்ட கொக்கு அன்னிக்கு உங்களுக்கு விரிச்சுக் காட்டினதுதான். பத்து வருஷம் உழைக்கும்னு..."

கமிஷனர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தக் குடை கோர்ட்டில் இருந்தது. மாதிரிக்கு ஒன்று வேண்டுமென்று அன்று இந்தப் பெட்டியிலிருந்து எடுத்துப்போனவர் அவரேதான்.

"எந்திரிங்க. கணக்கு சரியா இருக்கு."

பெட்டிகள் லாரி ஏறின. வெளியே மழை கொட்டியது. குடைக் கம்பெனி மேலாளர் குடை கொண்டுவரவில்லை. கடைக்காரர் ஜன்னலிலிருந்து கொக்கை அவிழ்த்து, இருவரையும் கார்வரை அழைத்துப்போனார். வழக்குப் போட்டவர், மாட்டிக்கொண்டவர், கோர்ட் மூவரும் ஒரே குடைக்குள். பாதி வழியில் ஒரு காற்று. குடை மல்லாந்து கிண்ணமானது.

"இது போலியேதான்! எங்க குடை இப்படித் திரும்பாது!" என்றார் மேலாளர் நனைந்தபடி.

"எழுதிக்கட்டுமா சார்?" என்றார் கமிஷனர்.

மேலாளர் காரைப் பார்த்து ஓடினார். வாசலிலிருந்து கடைக்காரர் மனைவியின் குரல் துரத்தியது: "ஏங்க, அவரை விடாதீங்க! பத்து வருஷம் உழைக்கும்னுதான் ஷோரூம்லயும் சொன்னாங்க!"