வலப்பக்கம் மேலே வரும் கோட்

சினிமாவுக்கு உடுப்புத் தைக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன்: யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம், கனடாவுக்கு வந்து ஸ்காபரோவில் பதினெட்டு வருடம் தைத்தவள் நான். இனி என் வண்டவாளம்.

ரொறன்ரோவில் எடுத்த ஒரு படத்தின் உடுப்புப் பகுதியில் சேர்ந்து மூன்றாவது கிழமை. இரண்டு யூதப் பையன்களின் சிநேகிதம்தான் கதை. ஒருவன் வீட்டில் எல்லாம் மதக் கட்டுப்பாட்டின்படி நடக்கும். கறுப்புத் தொப்பி, முழங்காலுக்குக் கீழே வரும் கறுப்புக் கோட். மற்றவன் வீட்டில் பெருநாளுக்கு மட்டும் கடவுள் நினைவு வரும். அவனுக்குச் சாதாரணக் கோட். இரண்டையும் தைக்கும் பொறுப்பு என்னுடையது.

எனக்கு மேலதிகாரி நிவேதா. இங்கேயே, பக்கத்து யூனியன்வில்லில் பிறந்து வளர்ந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை. அவள் தந்த தாளில் கறுப்புக் கோட்டுக்கு 'வலப்பக்கம் மேலே' என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. தெறி, அதாவது பொத்தான், பூட்டும்போது ஆண்களின் கோட்டில் இடப்பக்கம்தான் மேலே வரும். வலப்பக்கம் மேலே வருவது பெண்களுக்கு. பாவம், சின்னப் பிள்ளை, மாறி எழுதிவிட்டாள் என்று நினைத்தேன். அவளை வெட்கப்படுத்துவானேன் என்று ஒன்றும் சொல்லாமல், தெறிகளை வலப்பக்கம் வைத்து, இடப்பக்கத்தில் தெறி ஓட்டைகளை வெட்டி, ஒவ்வொன்றின் விளிம்பையும் கையாலேயே நூல் கட்டி முடித்தேன். அழகான வேலை.

அடுத்த நாள், படத்துக்கு ஆலோசனை சொல்ல வந்திருந்த யூதப் பெரியவர் கோட்டைப் பார்த்துவிட்டு நிவேதாவைப் பார்த்தார். நிவேதா தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அன்ரி, ரைட் சைட் மேல எண்டெல்லோ எழுதினனான்."

"ஓம் பிள்ளை. நீர் மாறி எழுதிப்போட்டீர் எண்டு நான் சரியாக்கினன்."

"நான் மாறி எழுதேல்லை அன்ரி. மதக் கட்டுப்பாடான ஆக்களின்ர கோட் அப்பிடித்தான். வலது பக்கத்துக்குத்தான் முதல் மரியாதை. நாங்கள் புது வீட்டுக்குள்ள வலது காலை வைச்சுப் போறமெல்லோ, அது மாதிரி." அவள் குரல் இறங்கியது. "நாளைக்குக் காலமை எடுக்கிற சீனே அதுதான். ரெண்டு பெடியளும் கோட்டை மாத்திப் போடுறாங்கள். தெறி பூட்டத் தெரியாமல் தடுமாறிச் சிரிக்கிறாங்கள். ரெண்டு கோட்டும் ஒரே பக்கம் எண்டா ஏன் அன்ரி தடுமாறப்போறாங்கள்?"

துணியில் வெட்டிய ஓட்டையை யாராலும் மூட முடியாது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அதைவிட, அந்தப் பிள்ளையின் பெயரும் என்னால் கெடப்போகிறதே என்று வெட்கமாக இருந்தது.

பெரியவர் அமைதியாக ஒன்று கேட்டார். இரண்டாவது கோட் எங்கே?

படத்தில் ஒன்று பழுதானால் மாற்றுவதற்கென்று இரண்டு தைப்போம். இரண்டாவது கோட் அலமாரியில் தொங்கியது. கை வலிக்கிறது என்று அதற்கு ஓட்டை வெட்டாமல் விட்டிருந்தேன். இரண்டு வரிசைத் தெறி வைக்கும் கோட் என்பதால் இரு பக்கமும் ஒரே அகலம்; எந்தப் பக்கத்திலும் வெட்டலாம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. என் சோம்பலை அன்றுதான் முதன்முதலாக வாழ்த்தினேன்.

சோக்கட்டியால் கறுப்புத் துணியில் வெள்ளை அடையாளம் போட்டுவிட்டு நிவேதாவைக் கூப்பிட்டேன். "பிள்ளை, இந்தப் பக்கம்தானே?"

"ஓம் அன்ரி."

கத்தரிக்கோலை எடுத்ததும் மறுபடி கேட்டேன்.

"ஓம் அன்ரி, வெட்டுங்கோ."

பின்னேரம் ஐந்து மணிக்கு முடித்தேன். பெரியவர் தானே அதைக் கறுப்புக் கோட் போடும் பையனுக்குப் போட்டு, தெறிகளைப் பூட்டி, தலையாட்டினார். நான் கழிப்பறைக்குப் போய் நன்றாக அழுதேன்.

மறுநாள் காலை பையன்கள் கோட்டுகளை மாற்றிப் போட்டார்கள். விரல்கள் ஓட்டையைத் தவறான பக்கத்தில் தேடின. அது நடிப்பில்லை, உண்மையாகவே தடுமாறினார்கள். ஒருவனுக்குச் சிரிப்பு வர, மற்றவன் குனிந்து அவனுக்குப் பூட்டிவிட்டான். அது திரைக்கதையில் எழுதாதது. டைரக்டர் அதையே வைத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தெரியாத வேலையில் நான் ஒருநாளும் பிழை விட்டதில்லை. கேட்டுக் கேட்டுத்தான் செய்வேன். விட்ட பிழையெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்த வேலையில்தான்.