ஏழு வருடக் கசப்பு

குழந்தை பிறக்கவில்லை என்றால் கசப்பு மருந்தை மனைவி மட்டும் ஏன் குடிக்க வேண்டும்?

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் பாத்திக் துணிக்கு மெழுகு அச்சிடும் சுபார்த்தி அதை ஏழு வருடம் குடித்தாள். காய்ச்சித் தந்தவர், தெருத்தெருவாக ஜாமு என்னும் மூலிகைச் சாறு விற்கும் மாமியார். இந்த வருடமும் குழந்தை இல்லையென்றால் மகனுக்கு வேறு கல்யாணம் என்றும் சொல்லிவிட்டார்.

மாதந்தோறும் கருமுட்டை வெளிவருகிறதா என்று பார்க்கும் பல்கலைக்கழக ஆய்வில் சுபார்த்தி சேர்ந்தாள். மூன்று மாதம் தினமும் காலையில் சிறுநீரைச் சோதித்துக் குறித்த தாளை மாமியாரிடம் நீட்டினாள்.

“மாசம் தவறாம எனக்கு முட்டை வருதும்மா. இனி உங்க மகனைச் சோதனைக்குப் போகச் சொல்லுங்க.”

“ஆம்பளைக்கு என்னடி சோதனை?”

கணவன் பார்யோனோ சிரித்தான். “போறேம்மா. இல்லன்னா அடுத்து உன் கசாயம் எனக்குத்தான்.”

சோதித்ததில் குறை அவனிடம்தான் இருந்தது. சிகிச்சை நடக்கிறது, கல்யாணப் பேச்சு நின்றுவிட்டது. இப்போது குழந்தைக்காக ஜாமு கேட்கும் பெண்களிடம் மாமியாரே, “உம் புருஷனை டாக்டர்கிட்ட காட்டுனியா?” என்கிறார்.

நீங்களும் கேளுங்கள். ஆணையும் சோதனைக்கு அனுப்புங்கள்.