மேட்டைத் தலைகீழாகப் படித்தவன்

போன வாரம் பேத்தி தன் பாடப்புத்தகத்தை என் மடியில் போட்டு, "தாத்தா, நீங்கதான் ரேடியோ ரிப்பேர் பண்ணவராச்சே, இதக் கொஞ்சம் சொல்லுங்க" என்றாள். பார்த்தேன். அதே படம்தான். இரண்டு குறைகடத்திகள் ஒட்டுமிடத்தில் கோடுகள் வளைந்து மேடேறுகிற ஆற்றல் பட்டைப் படம். சோல்டரிங் புகை மூக்கில் ஏறியது போலிருந்தது. கூடவே ராஜன் அண்ணன் முகமும் வந்தது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், கிடைத்துச் சில வருஷம். மலாக்காவில் காஜா பேராங் பகுதியில் ஒரு ரேடியோ கடையில் நாங்கள் இரண்டு பேர் வேலை. நான் தபாலில் பாடம் படிக்கிற மேதாவி. சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா, ஒன்றில் மை இருக்காது. ராஜன் அண்ணன் மலாக்கா செட்டி. கும்பிடுவது நம் மாரியம்மனை, பேசுவது மலாய். "தமிழ் தெரியாத தமிழன்" என்று முதுகுக்குப் பின்னால் கேலி பண்ணுவேன். அவரோ வீட்டிலிருந்து கொண்டுவரும் பூலுட் என்கிற ஒட்டரிசிப் பலகாரத்தில் பாதியை எனக்கு எடுத்துவைப்பார். வெட்கமில்லாமல் தின்பேன்.

டிரான்சிஸ்டர் செட் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது. பக்கத்துத் தெங்கேராவிலிருந்து டீச்சர் ஒருவர் ஒன்றைக் கொண்டுவந்தார். பேட்டரி ஒழுகி இரண்டு ஒயரும் அற்றுப்போயிருந்தன. ராஜன் அண்ணன் பழைய ஈயத் தடத்தைத் தடவிப் பார்த்து, பாசிட்டிவ்தான் செட்டின் அடித்தகட்டுக்குப் போகணும் என்றார். வால்வு செட்டில் தகடு நெகட்டிவ் ஆயிற்றே, நான் விடுவேனா? பாடப்புத்தகத்தைப் பிரித்தேன். தகட்டோடு சேர்ந்த பக்கம்தான் மேடு, பாசிட்டிவ் கொடுத்தால் மேடு இன்னும் உயரும், நெகட்டிவ் கொடுத்தால்தான் தணிந்து கரண்ட் ஓடும் என்று விரல் வைத்து விளக்கினேன்.

"பெத்துல்கா, தம்பி?" நிஜந்தானா என்று ஒரே ஒருமுறை கேட்டார். புத்தகமா பொய் சொல்லும் என்று அதட்டினேன்.

நான் சொன்னபடியே பற்றவைத்தார். சுவிட்சைத் திருப்பியதும் டிரான்சிஸ்டர் தொட முடியாமல் கொதித்தது. அப்புறம் அந்த செட் வாயே திறக்கவில்லை.

முதலாளி வந்து, "யாருய்யா பேட்டரிய மாத்திக் குடுத்தது?" என்று கத்தினார். சோல்டரிங் அயர்ன் ராஜன் அண்ணன் கையில் இருந்தது. நான் மையில்லாத பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ச்சே! 'நான்தான் சொன்னேன்' என்று வாயில் வரவில்லையே. அன்றோடு அவருக்கு வேலை போயிற்று.

அடுத்த பாடத்தாள் வந்தபோதுதான் புரிந்தது. படத்தில் உயரம் என்பது வோல்ட் இல்லை, எலெக்ட்ரானின் ஆற்றல். எலெக்ட்ரானே நெகட்டிவ் ஆனதால், பாசிட்டிவ் கொடுத்த பக்கம் கோடு கீழே இறங்கும். ஈயத் தடத்தைத் தடவிச் சொன்னவர்தான் சரி. ஓடிப்போய்ச் சொன்னேனா? இல்லை. ஒருநாள் கோயில் வாசலில் அவரே என் தோளைத் தொட்டு, "படம் சரியாத்தான் இருந்திருக்கும் தம்பி, என் கைதான் மாத்தி வெச்சிடுச்சு" என்றார் மலாயில். நான், பாவி, ஆமாம் என்று தலையாட்டினேன்.

கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. பூலுட் கொடுத்த ராஜன் அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். பேத்திக்கு இந்தத் தடவை சரியாகவே சொன்னேன், பாசிட்டிவ் கொடுத்தால் அந்தப் பக்கம் மேடு இறங்கும் என்று.

"சூப்பர் தாத்தா! இவ்ளோ நாளாகியும் மறக்கலியே!" என்றாள்.

ஒருத்தர் வேலை போய் நான் கற்றது என்று அவளிடமும் சொல்லவில்லை.