வெளியே திறக்கும் கதவு

வீடு கட்டுகிறவனுக்கு ஒரு முதலாளி. ஆஸ்பத்திரி கட்டுகிறவனுக்கோ டாக்டர், நர்ஸ், நோயாளி, நோயாளியின் மதினி என்று வந்தவரெல்லாம் முதலாளி. இந்தத் தொழிலில் வாங்கிக் கட்டிக்கொண்ட சகாக்களுக்கு நான் சொல்வது புரியும். தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவுக்கு இருபது படுக்கை ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்தேன். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "பிழைக்க வந்தவங்க என் கட்டடத்துல விழுந்து அடிபடக் கூடாது." என் தூக்கம் போனது அன்றோடுதான்.

முகம் பார்க்கும் தரை

டாக்டரம்மாவின் மாமனாருக்கு மொசைக் தரை முகம் தெரிகிற மாதிரி மின்ன வேண்டும், குளியலறையிலும்கூட. அங்கே சொரசொரப்பான கல்தான் என்று நான் அடம்பிடித்தேன். அவர் விடுவதாக இல்லை. மெருகு போட்ட தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, "நடந்து பாருங்க அண்ணாச்சி" என்றேன். புதுச் செருப்போடு இரண்டடி வைத்தார். மூன்றாவது அடி அவர் வைத்ததல்ல. நானும் தச்சு வேலை பார்த்த கணபதி ஆசாரியும் ஆளுக்கொரு கையைப் பிடித்திருக்காவிட்டால், திறப்புவிழாவுக்கு முன்பே முதல் நோயாளி அவர்தான். எங்கள் கைகளில் தொங்கியபடியே தரையைப் பார்த்தார்.

"முகம் நல்லாத்தான் தெரியுது வே. ஆனா ரொம்பக் கிட்டத்துல தெரியுது."

பாய் போட்ட பாதை

காலி ஸ்ட்ரெச்சரை உருட்டிப் பார்த்து, வார்டுக்குப் போகும் நடையின் அகலத்தை வைத்தேன். நம் ஊரில் நோயாளி தனியாக வரமாட்டார் என்பதை மறந்த மடையன் நான். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஒரு மில் தொழிலாளி குடல்வால் ஆபரேஷனுக்கு வந்தார். கூடவே பதினோரு பேர், பாய் சகிதம். ஆபரேஷன் முடிந்து ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தால் நடை முழுக்கக் கோரைப்பாய். சக்கரத்தில் பாய் சிக்கி வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. என் உயிர் போய் வந்தது.

உறவினர்களுக்கு வார்டை ஒட்டியே ஓர் அறை போட்டுத் தருவதாகச் சொன்னேன். வார்டைப் பார்த்து அதில் பெரிய ஜன்னல் வைத்தால்தான் ஆச்சு என்றார் அந்தத் தொழிலாளியின் மதினி. அவரைத்தான் நர்ஸ் பார்த்துக்கொள்வாரே என்றேன்.

"நாங்க அவரப் பாக்கதுக்கு இல்ல சார். முழிக்கும்போது அவரு எங்களப் பாக்கணும்லா?"

ஆசாரியின் கோபம்

குளியலறைக் கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் ஒரு காசை வைத்துத் திருக முடிய வேண்டும் என்று படத்தில் தெளிவாக வரைந்திருந்தேன். கட்டட வேலை நடந்தபோது இரண்டு நாள் வெளியூர் போய் வந்தால், ஆறு கதவையும் உள்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டி வைத்திருந்தார் ஆசாரி. கழற்றி மாட்டச் சொன்னேன். "எவன் வீட்ல சார் கதவு வெளிய தொறக்குது? வாரவன் மூஞ்சில அடிக்கதுக்கா?" என்று கத்தினார். மாட்டி முடித்தார், ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அடுத்த வருஷம் காய்ச்சலோடு அதே ஆஸ்பத்திரியில் வந்து படுத்தார். ஒருநாள் காலையில் குளியலறைக்குள் தலைசுற்றி, கதவின்மேலேயே சரிந்துவிட்டார். நர்ஸ் எட்டணாவை வைத்துத் தாழ்ப்பாளைத் திருகி, கதவை வெளியே இழுத்து ஆளைத் தாங்கிப் பிடித்தார். உள்ளே திறக்கிற கதவென்றால் அவர் உடம்பே அதை அடைத்திருக்கும். சேதி கேட்டு ஓடினேன். ஆசாரி கட்டிலில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. என்னைப் பார்த்ததும் வார்டுக்கே கேட்கும்படி சொன்னார்:

"பாத்தியளா சார், நான் மாட்டுன கதவு எப்படி லேசாத் தொறந்துச்சுன்னு!"

ஆஸ்பத்திரி கட்டுகிறவனுக்குக் கிடைக்கும் ஒரே பாராட்டு அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான். அதையும் ஆசாரி என்னிடமிருந்து கழற்றித் தன் பக்கம் மாட்டிக்கொண்டார்.